அந்தக் கையை அடிக்காதீர்கள்!

ஞாயிறு காலை. கோவிலில் முதல் மணி அடித்துவிட்டது. திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் தாய் தன் பன்னிரண்டு வயது மகளைத் திண்ணையில் அமர்த்தி, எண்ணெய் தடவித் தலை வாருகிறாள். இரட்டைப் பின்னலுக்கு வகிடு எடுக்கும்போது அவள் கை திடுக்கிட்டு நிற்கிறது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், ஒரு ரூபாய் நாணய அளவிற்கு முடியே இல்லை!

“புழுவெட்டுதான், வேறென்ன?” என்கிறாள் பாட்டி. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்க்கிறார்கள். மூலிகைத் தைலம் வாங்கி வருகிறார்கள். ஒரு மாதம் கழிகிறது. நாணய அளவாக இருந்த வழுக்கை உள்ளங்கை அளவாகப் பெருகிவிடுகிறது. பின்னர் ஓர் இரவு, மகள் பாடம் படிக்கும் நாற்காலியின் கீழே துடைப்பத்தில் முடிக்கற்றை ஒன்று அகப்படுகிறது. தாய் நிமிர்ந்து பார்க்கிறாள். மகளின் கண்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இடக்கையோ தலையில் இருக்கிறது. விரல்கள் ஒரு முடியைத் தேடிப் பிடித்துச் சுண்டி இழுக்கின்றன. அவள் அதை அறிந்ததாகவே தெரியவில்லை.

மறுகணம் ஓர் அறை விழுகிறது. “உனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?” மகள் அழுகிறாள். “நான் வேண்டுமென்று செய்யவில்லை அம்மா” என்கிறாள். அதை நம்புவார் வீட்டில் எவருமில்லை.

இக்காட்சி நாம் புனைந்ததே. எனினும் இது எந்தப் பங்கிலும், எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்று அச்சிறுமி கூறியது முழு உண்மை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்க்கு ஒரு பெயர் உண்டு

துயரம் மேலிடும்போது தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளுதல் மனித இனம் நெடுங்காலமாக அறிந்த செயல். தம் மக்களின் பிரமாணிக்கமின்மையைக் கேள்வியுற்ற எஸ்ரா, தலைமுடியையும் தாடியையும் பிடுங்கிக்கொண்டு திகைத்து அமர்ந்திருந்ததைப் பழைய ஏற்பாட்டில் காண்கிறோம். அது ஒரு பொழுதின் துயரம், அப்பொழுதோடு கழிந்துவிடுவது. நாம் இங்குப் பேசுவது அதுவன்று. துயரமோ சினமோ வெளிப்படத் தெரியாத வேளையிலும், நாள்தோறும், ஆண்டுக்கணக்காக, நிறுத்த வேண்டுமென்று விரும்பியும் நிறுத்த இயலாமல் தன் முடியைத் தானே பிடுங்கும் ஒரு நிலையைப் பற்றியே பேசுகிறோம்.

1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் தோல் மருத்துவர் ஹல்லோப்போ, தன் உடல் முடியைக் கற்றை கற்றையாகப் பிடுங்கிய ஓர் இளைஞனைப் பற்றி எழுதினார். முடி, பிடுங்குதல், வெறி என்னும் பொருள்தரும் மூன்று கிரேக்கச் சொற்களை இணைத்து, ‘ட்ரைக்கோட்டில்லோமேனியா’ என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. பெயரில் வெறி என்ற சொல் இருப்பினும், இது பைத்தியமன்று. இந்நிலையிலுள்ள பிள்ளை வகுப்பில் முதலிடம் பெறுவாள், பாடற்குழுவில் பாடுவாள், சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பாள். அவளது அறிவும் சிந்தையும் தெளிவாகவே உள்ளன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987-இல் இதனைத் தன் நோய்க் கையேட்டில் சேர்த்தது. 2013-இல் வெளிவந்த பதிப்பில், ஒரே எண்ணமும் செயலும் மீண்டும் மீண்டும் எழும் நோய்களின் குடும்பத்தில் இதனை வைத்தது. நகம் கடித்தல், தோலைக் கிள்ளிப் பிய்த்தல் ஆகியவை இதற்கு உறவுடையவை.

நூறு பேரில் ஒருவரோ இருவரோ இத்துன்பத்திற்கு ஆளாவதாக ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறெனில், ஆயிரம் பேர் கொண்ட ஒரு பங்கில் பத்துப் பேராவது இருத்தல் கூடும். அவர்களை நாம் காண்பதில்லையே என்று கேட்கலாம். அவர்கள் மறைத்துக்கொள்கிறார்கள். முக்காட்டினாலும், வகிட்டை மாற்றியும், கண்மையினால் புருவம் தீட்டியும் மறைக்கிறார்கள். தலைமுடி மட்டுமன்றிப் புருவமும் இமைமுடியும் கூடப் பிடுங்கப்படுவதுண்டு. பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வயதிற்குள் இது தொடங்குகிறது. வளர்ந்தவர்களில் மருத்துவரை நாடி வருவோர் பெரும்பாலும் பெண்களே. ஐந்து வயதிற்குட்பட்ட மழலைகளிடமும் இது காணப்படுவதுண்டு. அவர்களில் பலருக்கு அது தானாகவே நீங்கிவிடுகிறது.

கை ஏன் கேட்பதில்லை?

இப்பிடுங்குதல் இரு வகையாக நிகழ்கிறது. ஒன்று, அறியாமல் நிகழ்வது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும்போது, உறக்கம் வராமல் படுத்திருக்கும்போது கை தானே மேலே செல்கிறது. முடி கையில் வந்த பின்னரே நினைவு வருகிறது. மற்றொன்று, அறிந்தே நிகழ்வது. உள்ளத்தில் ஓர் இறுக்கம் எழுகிறது. தலையில் ஓரிடம் குறுகுறுக்கிறது. தடித்த முடியோ சுருண்ட முடியோ விரலுக்கு அகப்படுகிறது. அதைப் பிடுங்கினாலன்றி அமைதியில்லை என்று தோன்றுகிறது. பிடுங்கியதும் ஒரு நொடி ஆறுதல். அடுத்த நொடி வெட்கமும் தன்வெறுப்பும். வெட்கம் மீண்டும் இறுக்கத்தைப் பிறப்பிக்க, இறுக்கம் மீண்டும் கையை மேலே இழுக்கிறது. ஒருவரிடமே இவ்விரு வகைகளும் இருத்தல் கூடும்.

இவ்வட்டத்தை அறிந்துகொண்டால், அறைவதும் ஏசுவதும் ஏன் பயன்தரா என்பது விளங்கும். நம் ஏச்சு, அவளது வெட்கத்தைக் கூட்டுகிறது. கூடிய வெட்கம், அடுத்த பிடுங்குதலுக்கு விறகாகிறது.

சில பெற்றோர், ‘பிள்ளைக்கு என்ன கொடுமை நேர்ந்ததோ?’ என்று கலங்குவர். வேறு சிலர், ‘வளர்த்த முறை சரியில்லை’ என்று தம்மையே நொந்துகொள்வர். பிள்ளையிடம் பரிவோடு கேட்டறிவது நல்லதே. ஆனால் இந்நிலையிலுள்ள ஒவ்வொருவரின் பின்னும் மறைந்த கொடுமை ஒன்று இருந்தே தீரும் என்பதில்லை. சில குடும்பங்களில் இது வழிவழியாகத் தொடர்வதால், பிறப்பிலேயே அமைந்த நாட்டமும் இதற்கு ஒரு காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். தேர்வு, இடமாற்றம், மரணம், பூப்பெய்தும் பருவத்தின் மாறுதல்கள் ஆகியவை அதனைத் தூண்டவோ மிகுவிக்கவோ கூடும். இது தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தால் எழுவதுமன்று.

முதலில் மருத்துவரிடம்

வழுக்கையெல்லாம் பிடுங்கியதால் வந்ததன்று. உண்மையான புழுவெட்டு உண்டு. படர்தாமரை போன்ற பூஞ்சை நோயும் உண்டு. ஆதலின் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். புழுவெட்டில் அவ்விடம் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். பிடுங்கிய இடத்திலோ, ஒன்றுக்கொன்று நீளத்தில் ஒவ்வாத முறிந்த முடிகள் முட்கள்போல் நிற்கும். பூதக்கண்ணாடி போன்ற சிறு கருவியால் மருத்துவர் இதனை வேறுபடுத்திக் காண்பார். அவர் கேட்கும்போது பிள்ளை மறுத்தால், ‘பொய் சொல்கிறாள்’ என்று அங்கேயே கடிந்துகொள்ளாதீர்கள். வெட்கத்தினாலும் மறுக்கலாம், உண்மையிலேயே அறியாமலும் மறுக்கலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகக் கூறுகிறோம். பிடுங்கிய முடியை வாயில் வைத்துக் கடிப்போரும் விழுங்குவோரும் உண்டு. முடி செரிப்பதில்லை. அது இரைப்பையில் பந்துபோல் திரண்டு, சிலருக்குச் சிறுகுடல்வரை வால்போல் நீண்டுவிடுகிறது. அடிக்கடி வயிற்றுவலி, வாந்தி, சிறிது உண்டவுடன் வயிறு நிறைதல், உடல் மெலிதல், மேல்வயிற்றில் கட்டிபோன்ற தடிப்பு ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடி விழுங்கும் பழக்கத்தையும் மறைக்காமல் கூறுங்கள். பெரிதாகத் திரண்டதை அறுவை மருத்துவத்தாலேயே அகற்ற நேரிடும்.

மொட்டையும் நேர்ச்சையும்

நம் குடும்பங்களில் இதற்குப் பலர் நாடும் வழி ஒன்று உண்டு. வேளாங்கண்ணிக்கு அழைத்துச் சென்று மொட்டையடித்துவிடுவதே அது. ‘பிடுங்க முடியிருந்தால்தானே!’ என்பது அவர்கள் எண்ணம்.

தேவதாய்க்கு நேர்ந்துகொண்டு முடி காணிக்கை செலுத்துதல் நம் மக்கள் போற்றிவரும் பக்திமுயற்சி. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் காணிக்கை என்பது மனமுவந்து அளிக்கப்படுவது. விருப்பமில்லாத பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தலையை மழித்து, பள்ளியில் அவளை நகைப்புக்கு உள்ளாக்கும் செயல், காணிக்கை என்ற பெயரில் வழங்கப்படும் தண்டனையேயாகும். அதனால் நோயும் தீர்வதில்லை. முடி முளைக்கும்; முளைத்ததும் விரல்கள் மீண்டும் தேடும். அதற்குள் புருவத்திற்கோ இமைக்கோ கை இறங்கிவிடவும் கூடும். பிள்ளை தானே விரும்பி முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளக் கேட்டால், அது வேறு. அது அவளுக்கு உதவலாம்.

பில்லிசூனியம் என்றும், பேயின் சேட்டை என்றும் அஞ்சி மந்திரவாதிகளை நாடுவோரும் இல்லாமலில்லை. அது நம் விசுவாசத்திற்கும் ஒவ்வாது. பிள்ளையின் அச்சத்தையும் பன்மடங்காக்கும்.

இது பாவமா?

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே உரிய வேதனை ஒன்றும் இதில் உண்டு. ‘இனிச் செய்யமாட்டேன்’ என்று செபமாலையைப் பிடித்துக்கொண்டு வாக்களிக்கிறாள். இரண்டு நாட்களில் வாக்கு முறிகிறது. ‘கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறித்தேன், என் உடலுக்கு நானே தீங்கு செய்கிறேன், நான் நற்கருணை வாங்கத் தகுதியற்றவள்’ என்று தனக்குள் குமைகிறாள். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் இதையே சொல்லி அழும் பிள்ளையும் இருக்கலாம். சொல்ல வெட்கி அவ்வருட்சாதனத்தையே தவிர்க்கும் பிள்ளையும் இருக்கலாம்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாக உள்ளது. ஒரு செயல் சாவான பாவமாவதற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். அறியாமை, அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் போன்றவற்றால் ஒருவரது பொறுப்பு குறையவும், முற்றிலும் நீங்கவும் கூடும் என்று, 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன் 1735-ஆம் பத்தியில் உரைக்கிறது. கை தானாக மேலே செல்வதை அறியாத பிள்ளையிடம் முழுச் சம்மதம் எங்கே? எனவே, ‘இது நோய், மகளே, பாவமன்று’ என்று ஒரு குருவானவர் கனிவோடு கூறும் ஒரு சொல், அப்பிள்ளையின் நெஞ்சிலிருந்து பெரும்பாறை ஒன்றைப் புரட்டிவிடும். பெற்றோரும் அச்சொல்லைச் சொல்லலாம். கடவுள்மீது ஆணையிடச் சொல்லி வாக்குறுதி வாங்குவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளையால் காக்க இயலாத வாக்கைக் கேட்பது அறமன்று.

உதவும் வழி

1973-இல் அஸ்ரின், நன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், இத்தகைய பழக்கங்களுக்கான பயிற்சி முறை ஒன்றை வெளியிட்டனர். ‘பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி’ என்று அதனைக் கூறலாம். இந்நோய்க்கு இன்றளவும் முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவது இதுவும், இதனை ஒட்டி வளர்ந்த முறைகளுமே. தேர்ந்த உளநல ஆலோசகரிடம் கற்றுக்கொள்வதே சிறந்தது. எனினும், அதன் அடிப்படைகளை வீட்டார் அறிந்திருத்தல் நலம்.

முதற்படி, அறிதல். எப்பொழுது, எங்கே, எந்தக் கையால், என்ன மனநிலையில் பிடுங்க நேர்கிறது என்பதைப் பிள்ளையே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். இரு வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்படும்: ‘கணக்குப் பாடத்தின்போது’, ‘படுத்தபின்’, ‘குளியலறைக் கண்ணாடியின் முன்’. குறிப்பேடு அவளுக்கே உரியது. அதனைத் திருட்டுத்தனமாகப் படித்துக் கணக்குக் கேட்கலாகாது.

இரண்டாம் படி, மாற்றுச் செயல். கை மேலே செல்லத் தொடங்கும்போதோ, குறுகுறுப்பு எழும்போதோ, பிடுங்குவதற்கு இடம் தராத வேறொரு செயலை ஓரிரு நிமிடம் செய்தல் வேண்டும். விரல்களை மடக்கி முட்டியை இறுக்கிக்கொள்ளலாம், கைகளைக் கட்டிக்கொள்ளலாம், ரப்பர்ப் பந்தைப் பிசையலாம். அலைபோல் எழுந்த உந்துதல், அலைபோலவே தணிந்துவிடுகிறது. அது தணியும் என்பதைப் பிள்ளை தானே கண்டறிவதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி.

மூன்றாம் படி, சூழலை மாற்றுதல். படிக்கும் வேளையில் தலையில் துணி கட்டிக்கொள்ளலாம். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். முடி பிடுங்கும் சிறு இடுக்கியை வீட்டிலிருந்து அகற்றலாம். தனியறையை விட்டுக் கூடத்தில் அமர்ந்து படிக்கலாம். பூத்தொடுத்தல், பின்னல் வேலை, வேர்க்கடலை உரித்தல் ஆகியவற்றாலும் விரல்களுக்கு வேலை கிடைக்கிறது. செபமாலையின் மணிகளை உருட்டுவது மனத்திற்கு அமைதி தருமாயின் நன்று. ஆனால், ‘பிடுங்கினாயா? ஐம்பத்துமூன்று மணியும் சொல்!’ என்று செபத்தைத் தண்டனையாக்குவோமானால், பிள்ளைக்குச் செபத்தின்மீதே வெறுப்பு வந்துவிடும்.

நான்காம் படி, துணை நிற்றல். வீட்டாரின் பங்கு முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது. வீட்டிலுள்ள அனைவரும் காவலராகிவிடாமல், பிள்ளை தானே தேர்ந்துகொள்ளும் ஒருவர் மட்டும் துணைவராயிருத்தல் நன்று. ‘கையை எடு!’ என்று விருந்தினர் முன் கூவுவதைவிட, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். தோளை மெல்லத் தொடலாம். அந்த ரப்பர்ப் பந்தைக் கையில் கொடுக்கலாம். அடையாளமே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், அதற்கும் இணங்க வேண்டும்.

பாராட்டும்போது முயற்சியைப் பாராட்டுங்கள், முடியை அளக்காதீர்கள். தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளர்கிறது. இன்று பிடுங்குவதை முற்றிலும் நிறுத்தினாலும், பின்னலில் சேரும் அளவிற்கு அது வளர ஓராண்டிற்கு மேலாகும். நாள்தோறும் விளக்கைப் பிடித்துக்கொண்டு வழுக்கையைச் சோதிக்கும் வீட்டில், பிள்ளை நாள்தோறும் தோற்கிறாள். பல வாரங்கள் நன்றாயிருந்து, தேர்வு வந்ததும் மீண்டும் தொடங்குதல் இயல்பே. அது தோல்வியன்று, நோயின் போக்கே அவ்வாறு.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். 1989-இல் க்ளோமிப்ரமின் என்னும் மருந்தும், 2009-இல் ஐம்பது பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் என்-அசிட்டைல்சிஸ்டைன் என்பதும் பயனளித்ததாக வெளியாயின. பின்னதைச் சிறுவரிடம் சோதித்தபோது (2013) அத்தகைய பயன் தென்படவில்லை. எல்லோருக்கும் உறுதியாகப் பயன்தரும் ஒரு மருந்து இல்லை. மனச்சோர்வோ பெருங்கவலையோ உடனிருந்தால் மருத்துவர் அதற்கு மருந்து தருவார். கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது தகாது.

உதவிக்கு எங்கே செல்வது? மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணுக்கு, கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மனநலப் பிரிவின் வாசலில் நிற்பதை ஊரார் காண்பரே என்று தயங்குவோர், பல் வலிக்குப் பல் மருத்துவரிடம் செல்ல வெட்கப்படுகிறோமா என்று எண்ணிப் பார்ப்பார்களாக.

பள்ளியும் பங்கும்

ஆசிரியர்களுக்கும், மறைக்கல்வி கற்பிக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தலையில் துணி கட்டிவரும் பிள்ளையை, ‘அவிழ்த்துவிட்டு வா’ என்று வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள். புதுநன்மைக்கோ ஆண்டுவிழாவிற்கோ தலையலங்காரம் செய்யும் நாளில், அவளைத் தனியே அழைத்து, ‘உனக்கு எது வசதி?’ என்று கேளுங்கள். காற்றடிக்கும் நாள், நீச்சல் வகுப்பு, முடிதிருத்தும் நிலையம், மணப்பெண்ணுக்குத் தலைபின்னும் தோழியரின் கைகள் ஆகியவற்றை எண்ணியே அஞ்சும் உள்ளம் அது.

வளர்ந்த பெண்களுக்கும் ஒன்று சொல்வோம். இருபது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் இதனைச் சுமப்பவர் உங்களில் இருக்கலாம். கணவரிடமும் கூறாதவர் இருக்கலாம். இத்துன்பம் உங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தீர்களாயின், அவ்வெண்ணம் இன்றோடு நீங்குக. நம்பத்தகுந்த ஒருவரிடம் முதன்முறையாக வாய்திறந்து சொல்லும் அன்றே பாதிச் சுமை இறங்கும். வயது எதுவாயினும் பயிற்சியைத் தொடங்கலாம்.

மீண்டும் அந்தத் திண்ணைக்குச் செல்வோம். ஞாயிறு காலை, முதல் மணி அடித்துவிட்டது. தாய் சீப்பெடுத்து வாருகிறாள். வழுக்கை இன்னும் இருக்கிறது. அதன்மேல் முளைத்த முடி ஒரு விரற்கடை இருக்கும். சென்ற வாரம் மீண்டும் பிடுங்கிய அடையாளமும் ஓரத்தில் தெரிகிறது. தாய் அதனைக் காண்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. வகிட்டைச் சற்று மாற்றி எடுத்துப் பின்னலிடுகிறாள். முன்பெல்லாம் சீப்பைக் கண்டதும் உடலைக் குறுக்கிக்கொண்ட மகள், இன்று தாயின் மடியில் சாய்ந்து, “இந்த வாரம் நான்கு நாள் பிடுங்கவில்லை அம்மா” என்கிறாள்.

அந்த நான்கு நாட்களின் அருமையைத் தாய் அறிவாள். நம் தலைமுடிகளின் எண்ணிக்கையையும் அறிந்திருக்கும் வானகத் தந்தையும் அறிவார். அவர் நம்மைக் கண்டிப்பதற்காக அவற்றை எண்ணவில்லை. நம்மீதுள்ள அன்பினாலேயே எண்ணினார். பெற்றோராகிய நாமும் அவ்வாறே எண்ணக் கற்போமாக.